இடது சிறகின் கயிறு

சிறகுக்குத் தெரியாது
உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று.
போதுமான வேகத்தில் காற்று வந்தால்
எழும்பும்.
அவ்வளவுதான் அதன் புத்தி.

கார்த்திகைக் கடைசி. வானொலி
மட்டக்களப்புக்கு அப்பால் கடலில்
ஏதோ சுழல்கிறது என்றது.
தம்பலகாமக் குடா மத்தியானமே
அடிப்பிடித்த சட்டிபோல் கறுத்துக் கிடந்தது.
மா ஆலைப் பக்கம் பறந்த கொக்குகளில்
ஒன்றும் திரும்பவில்லை.

சீனக்குடா ஓடுபாதை ஓரம்
மூன்று பயிற்சி விமானங்கள்.
மூன்றும் சேர்ந்தாலும்
ஒரு மணல் லொறியின் பாரம் வராது.
ஹில்மியும் நானும் வாலை அமுக்கி
ஒவ்வொன்றின் மூக்கையும் வாடைக்குத் திருப்பினோம்.
சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை.
ஓட்டும் தடியை இருக்கைப் பட்டியால் பிணைத்தோம்,
இரவில் அது தன்பாட்டில்
வானத்தை நோக்கி இழுபடக்கூடாது.
காற்றை அளக்கும் குழாய்க்குச் சிவப்புத் துணி.
தாங்கி நிறைய எண்ணெய்:
வயிறு நிறைந்தது லேசில் எழும்பாது.
சிறகின் மேலே நீளத்துக்கு மணற்சாக்கு,
காற்று வழுக்கிப் போகாமல்
தடுக்கி விழட்டும் என்று.

பிறகு கயிறு.
இறுக்கிக் கட்டினால் சிறகு நோகும்.
தளரவிட்டால் துள்ளித் துள்ளித்
தன் கயிற்றைத் தானே அறுக்கும்.
இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குலம் இருக்கிறது.
அந்த அங்குலத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மூன்றாவதின் இடது சிறகுக்கு வரும்போது
களஞ்சியத்திலிருந்து ஹில்மி தூக்கி வந்தது
எலி தின்ற மிச்சம்.
"ஆறு அடிகூட வராது" என்றான்.
முதல் தூறல் அவன் கண்ணாடியில் விழுந்தது.
என் சைக்கிள் கரியரில்
நாலாம் கட்டைக் கடையில் காலையில் வாங்கிய
நீல நைலோன் கயிறு, பத்து மீற்றர்,
சுருள்கூடப் பிரிக்காமல்.
வீட்டுத் தகரத்துக்கு வாங்கியது.

நான் யோசித்தேன் என்று சொல்வதற்கு ஆசைதான்.
கை போய்விட்டது.

இரவு ஒன்பதரைக்குத் தவமலர்.
போனில் அவள் குரலுக்குப் பின்னால்
தகரம் பேசிக்கொண்டிருந்தது.
"கயிறு எங்க வைச்சனீங்கள்?"
"இருக்கு."
"எங்க?"
"ஒரு பிளேனிர செட்டையில."
அவள் சிரிக்கவில்லை. திட்டவுமில்லை.
"சரி, வையுங்கோ" என்றாள்.
பிறகு தொடர்புக் கோபுரமும் விழுந்தது.

கொட்டகைக்குள் இருந்தோம்.
மின்னல் ஒவ்வொரு முறையும்
மூன்று விமானங்களையும் எண்ணிக் காட்டியது.
மூன்றாவது ஒருதரம்
இடது காலைத் தூக்கியது,
நாய் சுவரோரம் தூக்குமே, அப்படி.
நீலக் கயிறு நிமிர்ந்தது.
ஹில்மி ஓதிக்கொண்டிருந்தான்.
எனக்கு வாயில் எதுவும் வரவில்லை.
கப்பல்துறையில் எங்கள் கூரைக்கு
எத்தனை ஆணி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்றுக்கு மேல்
ஞாபகம் வரவில்லை.

விடிந்தபோது ஓடுபாதையில் இலைகள்,
எங்கிருந்தோ வந்த ஒரு கதிரை,
மூன்று விமானங்கள்.
மூன்றாவதின் சில்லு
நான்கு விரல் அகலத்துக்கு நகர்ந்து
தாரில் கறுப்பாய்ப் பிறை கீறியிருந்தது.

மரம் விழுந்த தெருக்களில்
சைக்கிளைத் தோளில் சுமந்து வீட்டுக்குப் போனேன்.
கூரை இருந்தது.
உடுப்புக் காயப்போடும் கொடி
தகரத்துச் சட்டத்திலிருந்து இறங்கித்
தையல் மெஷினின் இரும்புக் காலில் முடிந்திருந்தது.
மெஷினின் மேல் தவமலர்,
சம்மணம் கொட்டி, போர்த்திக்கொண்டு.
"மூண்டு தரம் எழும்பினது" என்றாள்,
"என்னையும் தூக்கிக்கொண்டு."
சீமெந்தில் இரும்புக் கால் கீறிய கோடு
வெள்ளையாய், புதிதாய்.

எவ்வளவு இறுக்கினாய் என்று கேட்டேன்.
தொழில் பழக்கம்.
அவள் என்னைப் பார்த்த பார்வையில்
அந்த ஓர் அங்குலமும் இல்லை.

அடுத்த நாள் கயிற்றைக் கழற்றி
அவளிடம் கொண்டுவந்து கொடுத்தேன்.
கையால் முழம் போட்டாள்.
மறுபடியும் போட்டாள்.
ஒரு சாண் நீண்டிருந்தது.