தண்ணீர் வந்த வருஷத்துக் கணக்கு

வால்வு ஒழுகுகிறது என்றார் தஞ்சாவூரில் டாக்டர்.
அதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இப்பால்
பதினாறு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான்.
ஃபுட் வால்வு ஒழுகினால்
ஏறிய தண்ணீர் இறங்கிவிடும்.
ஒருநாள் மோட்டார் வெறுமனே சுற்றிப் புகையும்.
குழாயடிக்கும் வாசலுக்கும் நடுவே
செண்பகவல்லி இரண்டு முறை குடத்தை இறக்குவதை
வெயில் என்று நினைத்திருந்தேன்.

"காப்பீட்டு அட்டை இருக்கா?"
ரேஷன் அட்டை இருக்கு சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷர்.

அட்டைக்கு வருமானச் சான்று.
சான்றுக்கு வி.ஏ.ஓ.
லூர்துமேரி மேடம் அடங்கலை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டார்:
"வருஷத்துக்கு எவ்வளவு வரும்?"
"எந்த வருஷத்துக்கு மேடம்?
தண்ணி வந்த வருஷத்துக்கா, வராத வருஷத்துக்கா?"

பேனா நின்றது.

மேட்டூர் திறக்காத வருஷம்
போர்செட்டுகள் ராப்பகலாக ஓடும்,
லோ வோல்டேஜில் காயில் கருகும்,
என் கடைவாசலில் மோட்டார்கள்
ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வரிசையாகக் கிடக்கும்.
ஊர் வானத்தைப் பார்க்கும்.
நான் செம்புக் கம்பி வாங்கக் கும்பகோணம் போவேன்.
ஆறு நிறைந்த வருஷமோ
வெண்ணாற்றங்கரையில் பூத் தூவுகிற கூட்டத்தில்
நானும் ஒரு கை அள்ளிப் போடுவேன்,
சோறு தின்கிறவன் வேறென்ன செய்ய.
அப்புறம் கடைக்கு வந்து
ஸ்பேனர்களைத் துடைத்து வைப்பேன், துடைத்ததையே.

பக்கத்து பெஞ்சில் மாமனார் பக்கிரிசாமி
ஜெராக்ஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு.
பெண் கேட்டுப் போனபோது அவரிடம்
மாதம் இருபத்தைந்தாயிரம் என்றிருந்தேன்.
பொய் சொல்லவில்லை.
வராத வருஷத்துக் கணக்கு அது.

"இப்ப நடக்கிறது தண்ணி வந்த வருஷம்தானே?
அதைச் சொல்லுங்க."
சொன்னேன், அவர் காதுபட, மாதம் மாதமாக.
தையில் ஒன்பது. பங்குனியில் எட்டரை.
ஆடியில் மூவாயிரம், அதிலும் ஐந்நூறு பாக்கி.
மாமனார் சுவர்க் காலண்டரில்
ராகுகாலம் பார்த்துக்கொண்டிருந்தார்.
கூட்டினால் எண்பத்தோராயிரம்.
ஒரு லட்சத்து இருபதுக்குள் இருக்க வேண்டுமாம்.
இத்தனை நாள் ஏற வேண்டி நேர்ந்துகொண்ட கோட்டுக்கு
அன்றைக்குத்தான்
கீழே நிற்கக் கிடைத்ததற்குக் கும்பிட்டேன்.

இ-சேவையில் ஒரு முடிச்சு விழுந்தது.
அட்டையில் தம்பி முத்துக்குமரவேல் பெயர் இன்னும் இருக்கிறது,
திருப்பூரில் பி.எஃப். பிடித்த சம்பளம் அவனுக்கு.
போனில் கேட்டேன்.
"எடுத்துடுண்ணே" என்றான்.
அதற்குப்பின் அவனும் பேசவில்லை, நானும்.
போனை மட்டும் இருவரும் வைக்கவில்லை,
அங்கே தறியோ எதுவோ ஓடிக்கொண்டிருந்தது.

திருவாரூர் கலெக்டர் ஆபீசில் கேமரா.
அம்மன் கோயில் சேலையில் வந்திருந்தாள் செண்பகவல்லி.
"அக்கா, கொஞ்சம் நிமிருங்க" என்றது அந்தப் பெண்.
நிமிர்ந்தாள், மூச்சு வாங்கினாள்,
வாங்குகிற நேரத்தில் படம் விழுந்துவிட்டது.
எங்கள் அட்டையில்
வாய் லேசாகத் திறந்து
ஏதோ சொல்லப் போகிற மாதிரி இருப்பாள்.

திரும்பும் பஸ்ஸில்
கொரடாச்சேரி வரை மாமனார் பேசவில்லை.
அப்புறம், முன்சீட்டுக் கம்பியைப் பார்த்து:
"ஒங்க கல்யாணத்தன்னிக்கு ஆத்துல சொட்டுத் தண்ணி இல்ல மாப்ள.
கை கழுவ லாரியில வந்துச்சு. ஞாபகம் இருக்கு."

பாலம் வந்தது.
ஜன்னலோரம் செண்பகவல்லி தலையைச் சாய்த்துக்
கரைக்குக் கரை ஓடுவதைப் பார்த்தாள்.
"நெறையப் போவுதுல்ல" என்றாள்.

போவுது என்றேன்.