எட்டு ஓவியத்தில் ஒரு நடை

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு
ஜவான் பவன் நிறுத்தத்தில் இறங்கி
மஞ்சக்குப்பத்து வெயிலில் அவள் வருவாள்.
நான் மாடியில்
யாரோ ஒரு வெள்ளைக்கார முயலுக்கு
இடைப்படம் போட்டுக்கொண்டிருப்பேன்.

முயல் தாவத் தொடங்குவதை ஒருவர் வரைந்துவிட்டார்,
தாவி முடித்ததையும் அவரே.
நடுவில் அந்தரத்தில் கிடக்கும் பதினோரு முயல்கள்
என் பொறுப்பு.
கூலி வாரக் கணக்கில்.
கடைசியில் பெயர்கள் ஓடுகிற வேகத்தில்
நான் இருந்தாலும் தெரியாது.
இல்லை.

கீழே யூசுப் பாயின் ஜெராக்ஸ் கடை.
பச்சைக்கிளி என்று அவள் பெயர் சொன்னதும்
முதல் நாள் பாய் சிரித்துவிட்டாராம்.
இப்போது பாதிக் காசுதான் வாங்குகிறார்.
மனு ஒன்றுதான், தேதிதான் வேறு.
பழைய தேதிமேல் வெள்ளை மை தடவி
ஊதி ஊதிக் காயவைத்து
புதுத் தேதி எழுதச் சொல்லி நகலெடுப்பாள்.
மூல மனுவில் அந்த இடம்
ஆறின புண்போல மேடு தட்டிவிட்டது.
விரல் வைத்துப் பார்த்தேன்.

நாங்கள் இருளர்.
மனுவில் இருக்கிற விஷயம் அவ்வளவுதான்.
மகள் பன்னிரண்டு முடித்துவிட்டாள்
சான்று இல்லாமல் கல்லூரியில் இடம் நிற்காது.
அப்பன் சான்று கேட்டார்கள்.
அப்பனுக்கு அப்பன் சான்று கேட்டார்கள்.
ஓர் அதிகாரி, எலி பிடிப்பியா என்றார்.
இன்னொருவர்
நல்ல செருப்பாகப் போட்டிருக்கிறாயே என்றார்.
மூன்றாமவர் மாற்றலாகிப் போனார்,
கோப்பும் கூடவே போயிற்றாம்.

பார்த்த பொருள் போன பிறகும்
ஒரு நொடியின் சின்னத் துண்டு
கண்ணை விட்டுப் போகாது.
அந்தப் பிசகில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.
அது இல்லாவிட்டால் முயல் தாவாது,
காகிதத்துக்கு ஒன்றாகச் செத்துக் கிடக்கும்.
மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கு
அந்தப் பிசகு கிடையாது போல.
ஒவ்வொரு திங்களும்
அவளை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள்.

ராத்திரிகளில் அவள் நடையை வரைய ஆரம்பித்தேன்.
முதலில் வந்தது என் நடை.
அடுத்து வந்தது யாருடையதும் இல்லை.
இடது கால் தரையை ஒரு மயிரிழை இழுக்கும்,
ஜவுளிக்கடைப் பை
உடம்புக்கு இரண்டு படம் பிந்தித்தான் ஆடும்,
இது பிடிபட ஒரு வருஷம்.
கெடிலம் பொங்கிய கார்த்திகையில்
கடைக்குள் முழங்கால் தண்ணீர்.
அந்தத் திங்களும் வந்தாள்.
விடுமுறை என்று கேட்டில் சொல்ல
திரும்பிப் போனாள்.
அந்தத் திரும்பிப் போகிற நடை மட்டும்
இன்றுவரை கைக்கு வரவில்லை.

போன வாரம் கூப்பிட்டுக் காட்டினேன்.
எட்டே ஓவியம்.
எட்டாவது முடிந்ததும் மறுபடி முதலாவது.
நின்றபடியே பார்த்தாள், வெகுநேரம்.
“நடக்கறேன் நடக்கறேன்,
எடத்த வுட்டு நவுரலியே?”

ஆள் நகராதுக்கா, என்றேன்.
பின்னால இருக்கிற தெருவைத்தான்
கொஞ்சம் கொஞ்சமா இழுப்போம்,
பாக்கிறவங்களுக்கு நடக்கிற மாதிரி இருக்கும்.

“அப்ப இழு” என்றாள்.
டோக்கன் கூப்பிட்டுவிடுவார்கள் என்று
படி இறங்கிவிட்டாள்.

தெரு என்று ஒன்றை
நான் இன்னும் வரையவே இல்லை.
ஆட்சியர் அலுவலகச் சுற்றுச்சுவர்,
இளநீர் வண்டி, தூங்குமூஞ்சி மரம்,
வரிசையில் நிற்கவும் என்கிற பலகை,
பலகைக்குக் கீழே வரிசை.
எவ்வளவு கனம் இதெல்லாம்.

முயல் இன்று மாலைக்குள் போயாக வேண்டும்.
ஆறாவது முயலை அந்தரத்திலேயே விட்டுவிட்டு
சுவரின் முதல் செங்கல்லைப் போடுகிறேன்.
கோணலாக வருகிறது.
அழிக்கிறேன்.