மழை வந்தால் என்ன செய்வாய்

தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனை, புதன்கிழமை முகாம்.
காலை ஆறு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிட்டது.
நான் தட்டச்சு செய்கிறவள்.
பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், குறைபாட்டின் வகை.
வகைக்கு இருபத்தொன்று உண்டு, கீழே கீழே இறங்கும்.
மொழி என்று ஒரு கட்டம் இல்லை.

எனக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம்,
பள்ளிக்கூடத்தில் தமிழ்.
சம்பள ரசீது மட்டும் ஆங்கிலத்தில் வரும்,
வந்தால்.

நாற்பத்தேழாம் டோக்கன் கெம்பம்மா.
அஞ்செட்டிக்கு மேலே, பஸ் திரும்பிவிடும் இடத்திலிருந்து
இன்னும் இரண்டு மணி நேரம் நடக்கிற ஊர்.
முந்தின நாள் மாலையே இறங்கி
பஸ் நிலையத்தில் படுத்திருந்தாளாம்.
கூட மகன் மாதேஷா, பன்னிரண்டு வயது,
சட்டையின் மேல் பொத்தானைக் கடித்துக்கொண்டு.

டாக்டர் நல்லவர்தான். மதுரைப் பக்கம்.
மூன்று மணியாகியும் சாப்பிடப் போகவில்லை.
"தம்பி, மழை வந்தா என்ன செய்வே?"
மாதேஷா மின்விசிறியைப் பார்த்தான்.
"கடையில பத்து ரூபா குடுத்து
ஏழு ரூபாய்க்கு வாங்கினா மீதி எவ்வளவு?"
மின்விசிறி.
"வாரத்துக்கு எத்தனை நாள்?"
அதற்குள் கரண்ட் போய் அதுவும் நின்றுவிட்டது.

எழுபத்தைந்து என்று எழுதினார்.

எழுபத்தைந்து நல்ல எண்.
மாதாமாதம் பணம் வரும். பஸ் பாஸ் வரும்.
எனக்கு அட்டவணை மனப்பாடம்.
நாற்பதுக்குக் கீழே விழுந்தவர்கள்
இந்தப் படிகளில் எப்படி இறங்குவார்கள் என்பதும்.
என் விரல் ஏழின் மேல் இருந்தது.
வாயைத் திறக்கவில்லை.

கெம்பம்மாதான் திறந்தாள்.
"நம்ம மாதல்லி கேளி."
எங்கள் பேச்சில் கேளுங்கள்.

குனிந்து, அந்தப் பேச்சிலேயே அவள் காதில் சொன்னேன்:
சும்மா இரு அக்கா, அவன் பேசாவிட்டால் பணம் வரும்.
ராகியில் கல் பொறுக்குகிற பார்வை பார்த்தாள்.
வந்தால் வரட்டும், என்றாள்.
இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று
எழுதித்தான் வரணுமா?

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.
மொழிபெயர்ப்பு என் ஒப்பந்தத்தில் இல்லை.
கேட்டேன்.

மழை வந்தால்
ஆட்டைக் கட்டுவேன். ராகியை மூடுவேன்.
அம்மாவைக் கூப்பிடுவேன்.
அப்புறம் நனைவேன்.

கடையில் மீதி?
எங்கள் ஊரில் கடை இல்லை.

வாரத்துக்கு எத்தனை நாள்?
ஒன்று. சந்தை.

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.
கடைசி இரண்டில் எது தவறு என்று
எனக்கே தெரியவில்லை.
டாக்டர் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
எழுபத்தைந்தை ஒரு கோடு போட்டு அடித்தார்.
பேனா அதன் பக்கத்திலேயே நின்றது.
வரிசையில் பின்னால் உருது இருமிக்கொண்டிருந்தது.
லம்பாடி, தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றியது.

"கன்னடம் தெரிஞ்ச ஆளை வச்சு முறையா எடுக்கணும்.
கிருஷ்ணகிரிக்கு எழுதறேன். அடுத்த புதன் வரட்டும்."

முறைதான். ஒரு தப்பும் இல்லை.
அடுத்த புதன் என்றால் இரண்டு நாள் கூலி,
ஒரு ராத்திரி பஸ் நிலையம்.
கெம்பம்மா விரல் விட்டு எண்ணினாள்,
கிழமையையா கூலியையா, கேட்கவில்லை.

குறிப்புக் கட்டத்தில் இருபத்தைந்து எழுத்துக்குத்தான் இடம்.
சிறுவனிடம் கன்னடத்தில் கேட்கவும் என்று அடித்தேன்.
சிறுவனிடம் கன்னடத்தில் கே
என்பதோடு நின்றது.
சிறுவனை அழித்த பிறகுதான்
மீதி உள்ளே போனது.

கிளம்பும்போது மாதேஷா என் மேசைக்கடியில் குனிந்தான்.
இடது காலிப்பரின் இரும்பை,
முட்டிக்குக் கீழே வார் அழுத்தும் இடத்தை
ஒரு விரலால் தொட்டான்.

"நோவா?"

டாக்டர் நிமிர்ந்தார்.
இந்த முறை என் பக்கம் திரும்பவில்லை.