அவள் புருஷன்

மீன் எண்ணெய் காய்ச்சிய கட்டடம் இது.
எழுபது வருடம் காட் மீனின் ஈரல் உருகிய சுவர்களுக்கு
வெள்ளையடித்து, மெத்தைத் துண்டுகள் விரித்து,
தியான இல்லம் என்று பலகை மாட்டிவிட்டார்கள்.
கணப்பு சூடேறினால் போதும்,
பழைய ஈரல் திரும்ப மணக்கும்.

வார்டோவில் ஜனவரி.
சூரியன் இன்னும் கணக்கில் வரவில்லை.
பதினொரு பேர் அமர்ந்திருக்கிறோம்.
சுன்னிவாவிடம் இருப்பது ஒரே கேள்வி.
முதுகு வலிக்கிறது என்றால், வலியை அறிவது யார்?
தூக்கம் வருகிறது என்றால், தூக்கத்தை அறிவது யார்?
ஒன்றும் தெரியவில்லை என்றால்
முகம் கொஞ்சம் மலர்ந்து,
தெரியவில்லை என்று தெரிந்தது யாருக்கு?

எனக்கு அதில் குறையில்லை.
கிர்க்கெனெஸ் மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம்
மயக்க மருந்துச் செவிலியாக இருந்தவள்.
கேள்வி கேட்டுத்தான் சம்பளம் வாங்கினேன்.
கண் திறக்காத முகத்தின்மேல் குனிந்து
பெயர் என்ன, இது எந்த ஊர்,
விரலை அழுத்துங்கள் பார்ப்போம்.
பதிலா வேண்டும்?
பெயர் மணிக்கட்டிலேயே கட்டியிருக்கும்.
குரல் ஏறி வரட்டும் என்றுதான் கேட்பது,
ஆழத்தில் தூண்டில் இறக்குவதுபோல.
ஒருமுறை ஒரு படகுக்காரன், இமை அசையாமல்,
"நீ யார்?" என்று திருப்பிக் கேட்டான்.
சிரித்துக்கொண்டே படிவத்தில் குறித்தேன்:
விழித்துவிட்டார், இரண்டு நாற்பது.

அதனால் நான் சுன்னிவாவின் கட்சிதான்,
மூன்றாம் நாள் மாலை வரைக்கும்.
மாலை என்பது இங்கே
இருட்டுக்குள் இன்னோர் இருட்டு.

ஆஸ்லாக் எழுந்தார்.
கராஷோக் பக்கம் துருவ மான் வளர்ப்பவர்,
மடக்க முடியாத முழங்காலோடு நாற்காலியில் இருந்தவர்.
மூன்று நாளில் அவர் வாய் திறந்து பார்க்கவில்லை.
மனைவி ரிஸ்டீனுக்கு மூளையில் ரத்தம் கசிந்து
ஒன்பது மாதம் ஆகிறதாம்.
கண் திறந்திருக்கிறது, பார்வை எங்கும் நிற்பதில்லை.
"நான் பேசினால் அவளுக்குக் கேட்குமா?"
என்று கேட்டார். அவ்வளவுதான்.

இருட்டிலும் கை தன் வீட்டுத் தாழ்ப்பாளுக்குப் போகுமே,
அப்படிச் சொன்னாள் சுன்னிவா:
"கேட்குமா என்று கேட்பது யார்?"

அறையில் ஈரல் மணத்தது.

"அவள் புருஷன்" என்றார் ஆஸ்லாக்.
விடை பெறாமல் வெளியே போனார்.

யாருடையதோ ஒரு ஜோடி பூட்ஸை மாட்டிக்கொண்டு
பின்னால் ஓடினேன்.
காற்று வார்த்தைகளைப் பிடுங்கிப் போனது,
எல்லாவற்றையும் இருமுறை கத்த வேண்டியிருந்தது.
காது கடைசியில்தான் அணையும் என்பார்கள்.
கருவி ஒன்று சொல்லும், முகம் ஒன்று சொல்லும்.
மயக்கத்தில் கிடந்தபோது
நாங்கள் பேசிய கால்பந்துக் கதையை
விழித்தபின் சொல்லிக்காட்டியவள் ஒருத்தி உண்டு.
நிச்சயம் இல்லை, ஆஸ்லாக்.
கேட்கும் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடைக்காரன் தந்த சில்லறையை எண்ணுவதுபோல்
அதை எண்ணிப் பார்த்தார்.
"இறைச்சி விலை இறங்கியதைச் சொல்லலாமா?
வருத்தப்படுவாள்."

சுன்னிவா வந்து நின்றாள், வெறும் காலுறையோடு, பனியில்.
"அதற்கு என்னிடம் கேள்வி இல்லை" என்றாள்.
மன்னிப்புபோலவும் இருந்தது, புகார்போலவும் இருந்தது.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் காலுறை நனைந்துகொண்டிருந்தது.

காலையில் மறுபடி அமர்ந்தோம், பத்துப் பேர்.
மணி அடித்துவிட்டு அவள் வெகுநேரம் பேசவில்லை.
நாற்காலியை யாரும் ஓரமாக எடுத்துப் போடவில்லை.
எனக்கு மூச்சில் மனம் நிற்கவில்லை.
பதிலும் ஒரு மருந்துதானே,
எத்தனை மில்லி என்று பாராமல் ஏற்றிவிட்டேனா?
அவர் எடை என்ன, வயது என்ன,
வெறும் வயிற்றிலா வந்தார்,
ஒன்றும் விசாரிக்கவில்லை.

எட்டரைப் பேருந்து இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.
படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு,
முழங்காலை நீட்டிக்கொண்டு,
விலையைக் கொஞ்சம் கூட்டியே சொல்வார்.