ஜனவரி ஒன்று

ஓலுவில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
வாசலில் சைக்கிள் இருக்கைகளில் பனி ஏறுகிறது.
உள்ளே பதினொரு பேர், முதுகலை இரண்டாம் ஆண்டு,
பெயர் நீக்கிய நாற்பதாயிரம் நோயாளிகள்,
ஆளுக்கு ஒரு வரி.
இன்று தரவைத் துப்புரவாக்கும் பாடம்.

இருநூறு வயதுக்காரரைத் தூக்கினோம்.
கர்ப்பப்பை எடுத்த மூன்று ஆண்களைத் திருத்தினோம்; சிரிப்பு.
பிறகு ஓனி கை உயர்த்தினான்:
"ஜனவரி ஒன்றில் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு பிறப்பு.
நூற்றுப் பத்துதான் வரவேண்டும்.
கணினி தானாக இட்ட தேதி. அழித்துவிடலாமா?"

அழிக்கலாம்.
என் குறிப்பேட்டில் ஆறு வருடமாக அதுதான் விடை.

"நானும் அதில்தான் இருக்கிறேன்" என்றாள் இஃப்ரா,
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.
"மழை பிந்திய வருடம். அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும்.
முகாமில் எழுதுகிறவளுக்கு நேரமில்லை,
பின்னால் வரிசை.
வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே கேக். செலவு மிச்சம்."

சிரிக்கலாமா என்று ஓனி பார்த்தான்.
அவள் அதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்:
"வயதை வைத்துத்தானே மருந்தின் அளவு?
என் தம்பிக்கு எந்த வயதைப் போடுவீர்கள்?"

ஹீட்டர் மட்டும் உறுமியது.

அழிக்கவில்லை. தேதிக்குப் பக்கத்தில்
ஒரு கட்டம் சேர்த்தோம்.
அதற்குத் தலைப்பு வைக்கவே அரை மணி போயிற்று:
'தோராயம்' என்றான் ஒருவன், 'உறுதியற்றது' என்றான் இன்னொருவன்.
இஃப்ரா தட்டியதே நின்றது:
'யார் சொன்னது'.

எல்லோரும் போனபின் விளக்கை அணைக்கவில்லை.
ஆறு வருட மாணவர்கள்
இப்போது மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்,
நான் கற்பித்தபடி
மிகச் சுத்தமான அட்டவணைகளோடு.
முகவரிகள் இருக்கின்றன.
முதல் பெயரைத் தட்டினேன்.