அறுபது வரை

பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
நான் சொன்ன பூஜ்யம் மட்டும் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி
சோளம் அறுத்த தாள்களின் மேல் உருண்டுபோய்
பக்கத்து வேலியில் முட்டி நின்றது.
மாடுகள்கூடத் திரும்பவில்லை.

சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
கன்சாஸில் அக்டோபர். காற்று பன்னிரண்டு மைல்.
இருபதைத் தொட்டால் கடையைக் கட்டிவிடுவோம்.

ஒன்று. இரண்டு.

ஆரின் அதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.
"உட்கார்," என்றேன், ஒலிபெருக்கியை அணைக்காமலே.
ஐம்பது பேர் சிரித்தார்கள். உட்கார்ந்தான்.
ஹேஸ் நகரத்தில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பவன்,
ஒரு பிரேக் கட்டையை மூன்று தடவை பார்ப்பவன்.
ராக்கெட் என்றால் மட்டும்
கால் தரையில் பாவாது.

ஒன்பது. பத்து.

காலையில் மேசையில் அதை நான்தான் பரிசோதித்தேன்.
ஏழடிக் கண்ணாடியிழைக் குழாய், தக்காளி நிறம்.
எடை சமனாகிற இடத்தில் அவன் ஒரு பென்சில் கோடு போட்டிருந்தான்,
காற்றின் தள்ளல் வந்து சேர்கிற இடத்தில் இன்னொன்று.
முன்னது மூக்கின் பக்கம் இருக்க வேண்டும்,
ஒரு குழாய் விட்டமாவது தள்ளி.
இல்லையென்றால் தலை எது வால் எது என்று
அது வானத்தில் தேடத் தொடங்கும்,
தேடுகிற வழியில் நாம் நிற்போம்.
ஒன்றரை விட்டம் இருந்தது.
வால்சிறகுகளை ஒவ்வொன்றாய்ப் பிடித்து அசைத்தேன்.
திங்கள் முதல் வெள்ளி வரை நான் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறேன்,
ஆடுகிறதா இல்லையா என்பது விரலுக்குத் தெரியும்.
மோட்டார் தன் சுமையைப்போல் ஐந்து மடங்காவது உந்த வேண்டும்.
இது எட்டு. கையெழுத்துப் போட்டேன்.

இருபத்திரண்டு.

தீமூட்டி எரிந்ததா, எரியவில்லையா?
உள்ளே, ரப்பரைப் போன்ற அந்த எரிபொருளில்
ஓர் ஓரம் கனன்றுகொண்டிருக்கிறதா?
நூறடி தள்ளி நின்றால் தெரியாது.
அருகே போனால் தெரியும்.
தெரிந்ததைத் திரும்பி வந்து
சொல்ல முடியாமல் போகலாம்.

மேலறையில் இரண்டு கிராம் கருமருந்து,
பாராசூட்டை வெளியே தள்ள.
அதற்கு எஜமான் உயரமானி.
ஏவுகோலில் நிமிர்த்திய பிறகுதான் அதை எழுப்பினோம்,
ஒருபோதும் கார் டிக்கியில் அல்ல.
இப்போது மூன்று பீப், மௌனம், மூன்று பீப்
என்று அங்கே தனியாகப் பேசிக்கொண்டிருக்கும்.

முப்பத்தெட்டு.

நிலத்துக்காரர் வெர்ல் டிரக்கில் சாய்ந்து
சூரியகாந்தி விதை மென்று துப்புகிறார்.
போன வருஷம் பாராசூட் விரியாத ஒன்று
அவருடைய மேய்ச்சல் நிலத்தில் நாலடி இறங்கியது.
"கிணறு வெட்டுவதாக இருந்தால்
முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே," என்றார்.
அதற்குப் பிறகும் கேட்டைத் திறந்துதான் விடுகிறார்.
ஆனால் மாடுகளை எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

நாற்பத்தேழு.

"ஏம்மா எல்லாரும் சும்மா நிக்கிறாங்க?"
"எண்றாங்க."
"எதை?"

ஒன்பது வருஷத்தில் இப்படி
முப்பத்தோரு தடவை எண்ணியிருக்கிறேன்.
முப்பது தடவை ஒன்றும் நடக்கவில்லை.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

"போ," என்றேன்.
ஓடவில்லை, நடந்தான், பாதுகாப்புக் கண்ணாடியோடு.
குனிந்தான். கையை உயர்த்திக் கத்தினான்:
தீமூட்டி நழுவித் தரையில் கிடக்கிறதாம்.
டேப் ஒட்ட மறந்திருக்கிறான்,
பிரேக் கட்டையை மூன்று தடவை பார்ப்பவன்.

புதியதைச் செருகி ஒட்டிவிட்டுத் திரும்பினான்.
வானத்தைத் துழாவினோம், விமானம் இல்லை, மேகமில்லை.
சாவி. ஐந்து, நான்கு.

போயிற்று.
சத்தம் ஒரு நொடி பிந்தி வந்து மார்பில் மோதியது.
எல்லோரும் அண்ணாந்தார்கள்.
நான் கூட்டத்தைப் பார்த்தேன்:
யார் இன்னும் போனையே பார்க்கிறார்,
யார் மேசைக்கடியில் எதையோ தேடுகிறார்.
ஒன்பது வருஷத்தில் ஒரு ராக்கெட்டையும்
நான் முழுதாகப் பார்த்ததில்லை.
விரிந்துவிட்டது என்பதை
ஆரினின் தோள்கள் இறங்கியதில்தான் தெரிந்துகொள்வேன்.

இறங்கின.

வேலிக்கு அப்பால் மாடுகள் சிதறி ஓடின.
வெர்ல் விதையைத் துப்பிவிட்டு
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.