கரிக்கு அடியில்

பகலில் நான் டார்லிங்டன் நகராட்சிக்குக் கோடு போடுகிறவன்.
இரட்டை மஞ்சள்.
உருகிய பெயிண்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு
ஓரக்கல்லை ஒட்டியே நடக்க வேண்டும்.
முன்னால் கூம்பு வைத்துக்கொண்டு போகும் கிளெம் ரெய்ஸ்ட்ரிக்
ஒரு தடவை யாரோ தவறவிட்ட குழந்தைக் கையுறையைக் கவனிக்கவில்லை.
அதன் மேலேயும் போய்விட்டது மஞ்சள்.

இரவில் என் கோடு ஒரு தலைமயிர் அகலம்.

சமையல் மேசை மேல் பித்தளை எஞ்சின்.
ஹார்ட்டில்பூலிலிருந்து திருமதி ஏவரில் பவுண்டர் அனுப்பியது.
பற்றவைத்தது யாரோ, நன்றாகவே வைத்திருக்கிறார்;
புகைபோக்கி இடுக்கில் மட்டும் ஓர் ஈய உருண்டை.
ஊசியால் சுரண்டினேன், வினிகரில் குளிப்பாட்டினேன்,
அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடவில்லை.
விரல் எண்ணெய் பட்ட இடத்தில்
பெயிண்ட் உட்கார மாட்டேன் என்னும்.

சாம்பல் ப்ரைமர், இரண்டு நாள்.
பிறகு கறுப்பு. அதுவும் முழுக்கறுப்பு இல்லை;
இவ்வளவு சின்னப் பொருளின் மேல் முழுக்கறுப்பு
ஓட்டை மாதிரித் தெரியும்.
ஒரு சொட்டு வெள்ளை, அரைச் சொட்டு பழுப்பு.
துணி காயும் அலமாரியில் துவாலைகளுக்கு நடுவே
ஒரு வாரம் தூங்கியது எஞ்சின்.
முகம் துடைத்த எல்லோரும் டர்பென்டைன் மணத்தோம்.

பிறகு கோடு.

கோட்டுப் பேனாவுக்கு இரண்டு எஃகு இதழ், நடுவில் ஒரு திருகு.
இதழ்களுக்கு இடையில் பெயிண்ட்
பாலாக இருந்தால் ஓடிவிடும்,
தயிராக இருந்தால் இறங்காது.
மோர் என்று சொல்லலாம். நேற்றைய மோர்.
முதலில் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்ப்பேன்.
நகத்தில் என்ன சிவப்பு என்று டெப்போவில் கேட்டார்கள்.
வேலை, என்றேன்.

சிவப்பு. காய்ந்ததும் வெண்ணெய் நிறம். கடைசியில் சாம்பல்.
மூச்சை உள்ளே இழுத்து, பாதியில் நிறுத்தி,
அந்தப் பாதி மூச்சின் மேல் கையை வைத்து
ஒரே இழு.
ரோட்டில் தப்பினால் சுரண்டி எடுக்க லாரி வரும்.
இங்கே ஸ்பிரிட்டில் தோய்த்த தூரிகை, இருபது வினாடி.
இருபத்தொன்றாவது வினாடியில்
தப்பு உங்களுக்கே சொந்தம்.

மூலைகள்தான் கொல்லும்.
நேர்க்கோட்டுக்கு அளவுகோல் உண்டு,
வளைவுக்கு மணிக்கட்டுதான்.
டெண்டரின் இடப்பக்கம், பின் மூலை: ஏழு தடவை.
எட்டாவது தடவை இழுக்கும்போது பூனை தும்மியது.
அந்தக் கோடு சரியாக வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

பதினோரு இரவு.

பன்னிரண்டாம் நாள் அவர் கடிதம்:
"சொல்ல மறந்துவிட்டேன், எனக்கு அது அழுக்காக வேண்டும்.
ஷில்டனில் என் அப்பா கரி அள்ளிப் போட்ட எஞ்சின்.
சாப்பாட்டு டப்பா கொண்டுபோவேன்.
எங்கும் புகைக்கரி, கொதிகலன் ஓரமாக
வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு ஒழுகல்.
கோடு இருந்ததாகவே எனக்கு நினைவில்லை."

சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றேன்.
கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.
முன்பே சொல்லியிருந்தால் கோடே போட்டிருக்க மாட்டேனா?
போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.
நினைக்கக் காசா பணமா.

மறுநாள் நார்த் ரோட்டில் புதுத் தார்.
போன மாதம் நான் போட்ட முந்நூறு கெஜம்
அதற்குள் போயிருந்தது.
கிளெம் கூம்பு வைத்தான். மறுபடி போட்டேன்.

அன்று இரவு கரிப்பொடி, துருப்பொடி, தட்டைத் தூரிகை.
கூரையிலிருந்து தொடங்கி, மழை இறங்கும் திசையில்.
சிவப்பு முதலில் போனது.
வெண்ணெய் நிறம் கொஞ்சம் அடம் பிடித்தது.
சாம்பல் எப்போது போனது, பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு பஞ்சுக்குச்சி எடுத்தேன்.
எண்ணாவது தெரியட்டும் என்று அந்த மனிதர்
எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்திருப்பார்,
கை எட்டிய மட்டும், அவசரமாக,
ஒருவேளை ஒரு சிறுமி டப்பாவோடு வந்து நிற்கையில்.
கேபின் பக்கவாட்டில் கோணலாக ஒரு வட்டம்.
அதற்குள் எண்ணும்,
எண்ணுக்குக் கீழே ஒரு நகத்தளவு
சிவப்பு, வெண்ணெய், சாம்பல்.

எட்டாவது தடவை போட்டது இதில்லை.
அது டெண்டரில் இருக்கிறது,
இடப்பக்கம், பின் மூலையில்.